சர்க்கரையைக் குறைத்தால் ஐஸ்கிரீம் ஏன் கல்லாகிறது?

என் ஐஸ்கிரீம் ஆசை பள்ளிக்கூட வாசலில் நின்ற ஐஸ் வண்டியில் தொடங்கியது. ஊர் திண்டுக்கல், காலம் எழுபதுகளின் கடைசி. சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டி, முன்னால் ஒரு ரப்பர் ஹாரன். ஐஸ்காரர் மூடியைத் திறந்தால் குளிர் புகையாக எழும்பும். சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், திராட்சை ஐஸ், பால் ஐஸ். கையில் இருக்கும் காசுக்குப் பெரும்பாலும் திராட்சை ஐஸ்தான் கிடைக்கும். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். பாதி தின்பதற்குள் சாயம் போன வெறும் பனிக்கட்டிதான் குச்சியில் மிஞ்சும். பால் ஐஸ் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. கடைசிக் கடியிலும் பால் மணம் இருக்கும்.

அந்த வித்தியாசம் எதனால் என்று அப்போது யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கைக்கு வந்த ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1 என்று அதில் இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் இந்த முந்தைய நிலையில் இருப்பதாகவும் கணக்கிட்டது. நானும் அந்த 13.6 கோடியில் ஒருவன். மருத்துவர் ஐஸ்கிரீமை விட்டுவிடச் சொல்லவில்லை. குறைத்துக்கொள்ளுங்கள், லேசானதாகப் பார்த்து வாங்குங்கள் என்றார்.

லேசானது எது? கடைக் குளிர்பெட்டியின் முன் நின்றபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று புரிந்தது. ஒரு டப்பாவில் சர்க்கரை சேர்க்காதது என்றும், இன்னொன்றில் கொழுப்பு குறைந்தது என்றும் எழுதியிருக்கிறது. மூன்றாவதில் ஐஸ்கிரீம் என்ற சொல்லே இல்லை. ஃபுரோசன் டெசர்ட் என்று இருக்கிறது. மூன்றும் லேசு என்ற ஒரே எண்ணத்தைத்தான் மனத்தில் எழுப்புகின்றன. ஆனால் எடையைக் குறைக்க விரும்புகிறவருக்கு லேசானது வேறு, சர்க்கரை நோயாளிக்கு லேசானது வேறு, பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு லேசானது வேறு. எதற்காக லேசு என்று கேட்காமல் வாங்கினால், குறைக்கத் தேவையில்லாத எதையோ குறைத்துவிட்டு, நமக்கு வேண்டாததை அப்படியே தின்றுகொண்டிருப்போம். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் தின்றேன்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஐஸ்கிரீம் என்பது உறைந்த பால் மட்டும் அல்ல. அதில் நான்கு பொருள்கள் ஒன்றாக வாழ்கின்றன: பனிப் படிகங்கள், காற்றுக் குமிழ்கள், கொழுப்புத் துளிகள், உறையாத சர்க்கரைப் பாகு. பாலும் கிரீமும் பால் பவுடரும் சர்க்கரையும் கலந்த கலவையை, உள்ளே கத்திகள் சுழலும் குளிர் உருளைக்குள் அனுப்புகிறார்கள். உருளையின் சுவரில் படியும் பனியைக் கத்திகள் உடனுக்குடன் சுரண்டிவிடுகின்றன. அதனால் படிகம் பெரிதாக வளர நேரம் கிடைப்பதில்லை. கூடவே காற்றும் அடிக்கப்படுகிறது. சுமார் மைனஸ் 5 டிகிரியில் குழைவாக வெளிவருவதை டப்பாவில் அடைத்து, மேலும் கடுங்குளிரில் வைத்து இறுக வைக்கிறார்கள்.

நல்ல ஐஸ்கிரீமில் ஒரு பனிப் படிகம் 20 முதல் 50 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதைத் தாண்டிப் பெரிதானால் நாக்கு கண்டுபிடித்துவிடும். கரைந்து மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம் நறநறவென்று இருப்பது இதனால்தான். கரைந்த தண்ணீர் மறுபடி உறையும்போது, ஏற்கெனவே இருக்கும் படிகங்களின் மேலேயே படிந்து அவற்றைப் பெரிதாக்குகிறது.

திராட்சை ஐஸ் வெளுத்துப்போனதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. குச்சி ஐஸை யாரும் கடைவதில்லை. அச்சில் ஊற்றி அசையாமல் உறைய வைக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சர்க்கரையையும் சாயத்தையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடுகிறது. பெரிய பனி ஊசிகளுக்கு நடுவே இனிப்புப் பாகு தனியாகத் தங்குகிறது. உறிஞ்சினால் பாகு மட்டும் வெளியே வந்துவிடுகிறது. பால் ஐஸில் பாலின் புரதமும், சேர்த்திருக்கும் சோள மாவும் பாகைப் பிடித்து வைத்திருந்தன.

இந்த நால்வர் கூட்டணியில் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் சுவையைத் தாண்டிய வேலை உண்டு. கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுக் குமிழ்களைச் சுற்றி வேலி கட்டுகின்றன. அந்த வேலி இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் விழுந்ததும் தண்ணீராக ஓடும். வெனிலா போன்ற மணங்களை நாக்கில் சற்று நேரம் தங்க வைப்பதும் கொழுப்புதான்.

சர்க்கரை செய்யும் வேலை இன்னும் முக்கியமானது. கரைந்த சர்க்கரை தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. மைனஸ் 18 டிகிரியில் வைத்த ஐஸ்கிரீமில் கூடத் தண்ணீரின் ஒரு பகுதி உறையாமல் பாகாகவே இருக்கும். கரண்டி உள்ளே இறங்குவது அந்தப் பாகினால்தான். வீட்டில் சர்க்கரையைப் பாதியாக்கி ஐஸ்கிரீம் செய்து பார்த்தவர்களுக்கு, மறுநாள் கத்தியால் கொத்த வேண்டியிருந்தது நினைவிருக்கும். இனிப்பை எடுத்தால் மென்மையும் சேர்ந்தே போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. ஒரு கரண்டி ஐஸ்கிரீமை முழுவதும் கரைய விட்டு, அறையின் சூட்டுக்கு வந்தபின் குடித்துப் பாருங்கள்; திகட்டும். உறைந்த நிலையில் அளவாகத் தோன்றும் இனிப்புக்கு, நூற்றில் 14 முதல் 16 பங்கு சர்க்கரை போடவேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்லும் லேசு

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, வெறுமனே ஐஸ்கிரீம் என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 2.5-க்கு மேல் 10-க்குள் இருந்தால் அது நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம். 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அது ஃபுரோசன் டெசர்ட். எண்ணெய் சேர்த்திருப்பதை லேபிளில் சொல்லியாக வேண்டும். இந்தப் பெயர் வித்தியாசத்தை வைத்து 2017-இல் அமுல் நிறுவனத்துக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் விளம்பரத் தகராறு எழுந்து பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது.

ஃபுரோசன் டெசர்ட்டைப் பலர் லேசானது என்று நம்பி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் லேசுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கிராம் பாமாயிலுக்கும் ஒரு கிராம் வெண்ணெய்க் கொழுப்புக்கும் அதே 9 கலோரிதான். பாமாயில், தேங்காயெண்ணெய் இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு தாராளமாக இருக்கிறது. விலை குறையும், கலோரி குறையாது.

மற்ற இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4. சாதாரண வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் கொழுப்பு 12 கிராம், போட்ட சர்க்கரை 15 கிராம், பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரையான லாக்டோஸ் 5 கிராம், புரதம் மூன்றரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பிலிருந்து 108, சர்க்கரைகளிலிருந்து 80, புரதத்திலிருந்து 14. மொத்தம் 202 கலோரி.

இதில் கொழுப்பை 5 கிராமாக இறக்கினால் 63 கலோரி குறைகிறது. ஈடுகட்டப் பால் பவுடர் கூடுதலாகச் சேர்ப்பதால் கொஞ்சம் திரும்ப ஏறும். ஆனாலும் 145-க்கு அருகில் வந்து நிற்கும். நல்ல இறக்கம்தான்.

அதே 202-இல் கொழுப்பைத் தொடாமல் சர்க்கரையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 15 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு, மால்டிடால் என்ற மாற்று இனிப்பை 15 கிராம் போடுகிறார்கள். மால்டிடாலுக்குக் கிராமுக்கு ஏறக்குறைய 2.4 கலோரி. 60 கலோரி இருந்த இடத்தில் 36. மிச்சமாவது 24 கலோரி மட்டும். 202 இருந்தது 178 ஆகிறது. சர்க்கரை சேர்க்காதது என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பா, உடல் எடையைப் பொறுத்தவரை அரைக்கால் பங்குதான் லேசு. ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அது உண்மையாகவே உதவும். மால்டிடால் சர்க்கரையைவிட மெதுவாக ரத்தத்தில் ஏறும். அதற்காக ஏறாமலே இருந்துவிடாது. லாக்டோஸும் டப்பாவுக்குள் அப்படியேதான் இருக்கிறது.

என் தவறு இங்கேதான் நடந்தது. சர்க்கரை இல்லை என்ற ஒரு வார்த்தையை நம்பி, வழக்கமாக ஒரு கிண்ணம் சாப்பிடுகிறவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். 178 இரண்டு முறை உள்ளே போனது. அன்றிரவு வயிறு பொருமிக்கொண்டே இருந்தது. மால்டிடால், சார்பிடால் போன்றவை சிறுகுடலில் முழுதும் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன, அங்குள்ள கிருமிகளால் நொதிக்கின்றன. பேதியாகலாம் என்ற எச்சரிக்கை டப்பாவின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை.

சர்க்கரைக்குப் பதிலாக வருகிறவர்கள்

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சர்க்கரையைப்போல 600 மடங்கு இனிக்கும். சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு 200 முதல் 300 மடங்கு. அப்படியானால் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு மால்டிடாலைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். இனிப்பு வந்துவிடும், ஐஸ்கிரீம் வராது. 15 கிராம் சர்க்கரை இருந்த இடம் காலியாகிறது. அங்கே தண்ணீர் வந்து உட்கார்ந்து பனியாகிறது. அந்த இடத்தை நிரப்பவும் உறைநிலையை இறக்கவும் ஒரு பொருள் வேண்டும். மால்டிடால், சார்பிடால், எரித்ரிடால், பாலிடெக்ஸ்ட்ரோஸ், சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் நார் எல்லாம் வருவது இதற்காகத்தான்.

எரித்ரிடாலுக்குக் கலோரி கிட்டத்தட்ட இல்லை. வயிற்றையும் மற்றவை அளவுக்குப் படுத்தாது. அதனால் அமெரிக்காவில் அது வேகமாகப் பரவியது. 2023-இல் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதைக் கண்டதாக வெளியிட்டார்கள். எரித்ரிடாலை நம் உடலும் கொஞ்சம் தானாகவே உண்டாக்குகிறது. ஆகவே தின்றதால் நோய் வந்தது என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரை அல்லாத இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும், மால்டிடால், எரித்ரிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் அடங்காது என்றும் சொல்லியிருந்தது. நான் எரித்ரிடாலைக் கண்டு பயப்படவும் இல்லை, அன்றாடம் சாப்பிடவும் இல்லை.

பயம் வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது, டப்பாவின் பின்னால் உள்ள, சேர்த்த பொருள்களைக் குறிக்கும் எண்களைப் பற்றி. 412 என்று பார்த்ததும் ரசாயனம் என்று வைத்துவிடுகிறார்கள். அது குவார் கம்; நாம் பொரியல் செய்கிற கொத்தவரங்காயின் முற்றிய விதையிலிருந்து எடுத்த மாவு. உலகத்துக்குத் தேவையான குவாரில் பெரும்பகுதி ராஜஸ்தானிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் விளைகிறது. 407 என்பது கேரஜீனன், கடற்பாசியிலிருந்து கிடைப்பது. அதற்கான பாசியை மண்டபம், பாம்பன் கடலோரத்துப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். இவை தண்ணீரைப் பிடித்து வைத்துப் பனிப் படிகம் பெரிதாவதைத் தடுக்கின்றன. கொழுப்பைக் குறைத்த ஐஸ்கிரீமில் இவற்றின் உதவி இன்னும் அதிகம் தேவை. நான் தேடிப் பார்க்கும் எண்கள் வேறு: 965 மால்டிடால், 420 சார்பிடால், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசி இனிப்பு. இவற்றைப் பார்த்தால் அன்றைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று முடிவு செய்துகொள்ள முடிகிறது.

காற்று என்னும் பொருள்

ஐஸ்கிரீமை லேசாக்கும் பொருள்களில் மிகவும் மலிவானது காற்று. ஒரு லிட்டர் கலவையில் ஒரு லிட்டர் காற்றை ஏற்றினால் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம். அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க, ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. கொழுப்பு குறைந்த வகைகளுக்கு 475 கிராம் போதும்.

இதைப் படித்த பிறகு நான் ஐஸ்கிரீம் வாங்கும் விதமே மாறிவிட்டது. முன்பு மில்லிலிட்டரைப் பார்த்தேன். இப்போது எடையைத் தேடுகிறேன். இல்லாவிட்டால் கையில் தூக்கிப் பார்க்கிறேன். 100 மில்லி சாதாரண ஐஸ்கிரீமின் எடை 53 கிராம் என்றால், 202-இல் பாதிக்குச் சற்று மேலாகச் சுமார் 107 கலோரி. காற்றைக் குறைத்து, கொழுப்பை 16 சதவீதமாக்கிய உயர்ரக ஐஸ்கிரீம் அதே 100 மில்லியில் 85 கிராம் இருக்கும். அதன் 100 கிராமுக்கு 240 கலோரி. ஆக ஒரு கப்பில் 204. இரண்டும் ஒரே அளவுக் கிண்ணம்தான். உயர்ரக ஐஸ்கிரீமைச் சாப்பிடுகிறவர் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினால், அவரும் சாதாரண ஐஸ்கிரீம் சாப்பிட்டவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

அமெரிக்காவின் லேசான ஐஸ்கிரீம் கதையில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கொழுப்புக் குறைந்ததை ஐஸ்கிரீம் என்று சொல்லவே முடியாமல் ஐஸ் மில்க் என்று விற்றுவந்தார்கள். 1994-இல் விதி மாறி, குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம் என்றே பெயர் வைக்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, கொழுப்பு இல்லாமல் கொழுப்பின் வழுவழுப்பைத் தருவதற்காக, முட்டை வெள்ளைக்கருவையும் பால் புரதத்தையும் மிக நுண்ணிய உருண்டைகளாக்கிய சிம்பிளஸ் என்ற பொருளுக்கு 1990-இல் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். வேதியியலாகப் பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் அதை வைத்துச் செய்த இனிப்பு நெடுநாள் கடையில் நிற்கவில்லை.

நின்று காட்டியது ஹாலோ டாப் என்ற ஐஸ்கிரீம். லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர் ஜஸ்டின் வுல்வர்டன் தொடங்கியது. 473 மில்லி டப்பா முழுவதற்குமான கலோரியையும் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டார்கள். முந்நூறை ஒட்டி வரும். 2017 கோடையில் அது பெரிய பிராண்டுகளான பென் அண்ட் ஜெர்ரிஸையும் ஹேகன் டாஸையும் விற்பனையில் முந்தியது. சர்க்கரையைக் குறைத்து எரித்ரிடாலும் சீனித்துளசியும் சேர்த்தது ஒரு காரணம், பால் புரதத்தைக் கூட்டியது இன்னொன்று. ஆனால் அந்த டப்பாவின் மொத்த எடை 250 கிராமை ஒட்டித்தான் இருந்தது. அதே அளவு ஹேகன் டாஸ் ஐஸ்கிரீம் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். குறைந்த கலோரியின் ஒரு பெரும் பகுதி, டப்பாவுக்குள் தின்னும் பொருளே குறைவாக இருந்ததால் வந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு முறை பரிமாறும் அளவு எத்தனை கிராம் என்பதும் டப்பாவிலேயே எழுதியிருந்தது. டப்பா முழுதும் சாப்பிட்டு முடிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு அது நேர்மையான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் ஐஸின் கதை வேறு திசையில் வந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டிகள் இருந்தன. வசதியானவர்களின் கோப்பைக்கு அவை போயின. இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். சாதாரணப் பிள்ளைகளுக்கு ஐஸ் வந்து சேர்ந்தது தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும்தான். 1970-இல் ராயபுரத்தில் 13 ஆயிரம் ரூபாய் முதலோடு சந்திரமோகன் தொடங்கிய அருண் ஐஸ்கிரீமும் முதலில் விற்றது குச்சி ஐஸ். கொழுப்பே இல்லாத ஐஸில் வளர்ந்த தலைமுறைக்கு, லேசு என்பது புதிதாகக் கற்க வேண்டிய சங்கதி அல்ல. ஒரு குச்சி ஐஸுக்கு ஐம்பது அறுபது கலோரிதான். ஆனால் அது முழுவதும் சர்க்கரை. எடைக்கு லேசு, எனக்கு லேசு அல்ல.

வாழைப்பழத்தின் கதையும் அதுதான். கனிந்த சிறுமலைப் பழத்தை வில்லைகளாக நறுக்கி உறைய வைத்து மிக்சியில் அடித்தால், ஒரு சொட்டு கிரீம் இல்லாமல் ஐஸ்கிரீம் போலவே குழைந்து வரும். பழத்தில் உள்ள பெக்டினும் நாரும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. என் தங்கை பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்து கொடுக்கிறேன். எனக்கு இரண்டு கரண்டிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பழமாக இருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

நீல பாக்கெட் குல்ஃபி

எனக்கு ஒத்துவந்தது குல்ஃபி. கேட்பவர்கள் வியக்கிறார்கள், ஏனென்றால் குல்ஃபி கனமானது என்று பெயர். கனமானதுதான், அதில் காற்றே இல்லை. ஆனால் எந்தப் பாலை எவ்வளவு சுண்ட வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. ஆரஞ்சுப் பாலைப் பாதியாகச் சுண்ட வைத்தால் கொழுப்பு 12-க்குப் போய், சட்டப்படி ஐஸ்கிரீமின் வரிசையிலேயே சேர்ந்துவிடும். நீலப் பாலைச் சுண்ட வைத்தால் 6-ஐ ஒட்டி நிற்கும்.

நான் செய்வது இப்படி. ஒரு லிட்டர் நீலப் பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வைத்து, பக்கத்தில் படியும் ஏட்டைக் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியானதும் 50 கிராம் சர்க்கரை, ஏலக்காய். சர்க்கரையை இதற்குமேல் குறைத்துப் பார்த்தேன், கல்லாகிவிட்டது. ஆறியபின் பத்துச் சிறிய எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி உறைய வைக்கிறேன். ஒரு டம்ளரில் சுமார் 55 கிராம். பாலின் 580 கலோரியும் சர்க்கரையின் 200 கலோரியும் பத்தாகப் பிரிந்து ஒன்றுக்கு 78. போட்ட சர்க்கரை ஒன்றுக்கு 5 கிராம். அதே எடைக் கடை ஐஸ்கிரீமில் அது எட்டு கிராமுக்கு மேல், கலோரி 110. சுண்டிய பாலில் புரதம் கூடுதல் என்பதால் வயிறும் நிறைகிறது.

இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பால் சுண்டும்போது லாக்டோஸும் சேர்ந்து அடர்த்தியாகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கடை ஐஸ்கிரீமைவிட இது தொல்லை தரும். லாக்டோஸ் மிகுந்தால் அதுவே தனிப் படிகமாகி, நாக்கில் மணல் போல உறுத்தவும் செய்யும். சில வாரங்கள் குளிர்பெட்டியில் கிடந்த குல்ஃபியில் அதைக் கவனித்திருக்கிறேன். அதனால் பத்து நாளுக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கே செய்கிறேன்.

மதுரைக்குப் போனால் ஜிகர்தண்டா குடிப்பேன். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டிய பால், மேலே ஐஸ்கிரீம். அதை லேசாக்க நான் முயன்றதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை போகிறேன், இரண்டு முறையும் முழு கிளாஸ்.

குல்ஃபி டம்ளரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சாப்பிடுவதில்லை. சர்க்கரை குறைவான குல்ஃபி, மைனஸ் 18-இல் கடிக்க முடியாத அளவுக்கு இறுகியிருக்கும். மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கிறேன். டம்ளரின் வெளிப்புறம் முதலில் வெள்ளையாகப் பனி பூத்து, பிறகு வியர்க்கத் தொடங்கும். அந்த நேரத்தில் உள்ளே ஓரங்களில் பனி கொஞ்சம் கரைந்து பாகாகிறது, நாக்கை மரக்க வைக்கும் கடுங்குளிர் தணிகிறது, போட்ட ஐந்து கிராம் இனிப்பு முழுதாகத் தெரிய வருகிறது. கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கும்.